பழசைக் கொண்டுவராத வாடிக்கையாளர்

7

கொசுறுவின் வாய் நிறைய ரோஸ் நிற மாவு இருந்தது. மூன்று நிமிஷத்துக்கு அசையக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். பேச வேண்டியதெல்லாம் அந்த மூன்று நிமிஷத்துக்குள்தான் வரிசையாக நினைவுக்கு வந்தது.

தப்பு அவன் மேல்தான். துப்பு விசாரிக்க வந்த இடத்தில் உட்கார வேறு நாற்காலி இல்லையென்று நோயாளிகளின் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். சாய்ந்த கையோடு கடைவாய்ப்பல் ஒன்று குடைகிறது என்றும் சொல்லி வைத்தான். டாக்டருக்கு முப்பது வருஷப் பழக்கம். கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கையுறை மாட்டினார், மாவைக் கரைத்தார், அளவெடுக்கும் தட்டில் அப்பி அவன் வாய்க்குள் செருகிவிட்டார். மாவு கட்டி கட்டியாக இருந்தது. பாதி அவர் சட்டைக் கையில் இருந்தது. புதினா வாசனை அடித்தது.

சர்வேயர் ஜன்னலோரம் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருஷம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது நடிப்பு என்று எழுதிக் கொடுத்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறியத் தொடங்கியும் பட்டப்பெயர் விடவில்லை. முதல் அலுவலகத்துக்கு ஒரு பழைய மேஜை வாங்கியபோது, அதைத் தூக்கிவந்த ஆள் அப்படியே தங்கிவிட்டான். மேஜையோடு வந்ததால் அவன் கொசுறு.

"வண்டி என்னைக்குப் போச்சு, டாக்டர்?"

"தெரியலை. மூணு வாரம் வெளியூர்ல இருந்தேன். நேத்து காலைல வந்து பார்த்தா ஷெட் காலி."

"சாவி?"

"ஆணியிலதான் தொங்குது. சாவி இருந்து என்ன பிரயோஜனம்? கிளம்பறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிபியூட்டரையே கழட்டி வெச்சுட்டுத்தான் போனேன்."

மேஜை இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த சாமானை எடுத்துக் காட்டினார். கருப்பு மூடி, அதிலிருந்து முளைத்த ஐந்து வயர்கள், கீழே ஒரு தண்டு. நாலு சிலிண்டருக்கும் முறை வைத்து நெருப்புப் பொறியைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் அறுபது வருஷத்துப் பழைய கார் என்பது சக்கரம் வைத்த பீரோ.

"கழட்டினது யாருக்குத் தெரியும்?"

"மெக்கானிக்குக்கு மட்டும். அவர்தான் கழட்டிக் கொடுத்தார். பதினாலு வருஷமா அவர்தான் வண்டியைப் பார்க்கறார். அதனாலதான் போலீஸ்ல அவர் பேரைச் சொன்னேன். காலைல கூட்டிட்டுப் போயிட்டாங்க. அஞ்சு மணிக்குக் கேஸ் எழுதிடுவாங்களாம்."

"பதினாலு வருஷம்" என்றார் சர்வேயர்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர், கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தேடுகிற முகத்தோடு.

"ஷெட்டுக்குப் பூட்டு உண்டா?"

"கதவே கிடையாது. வாசல்ல கேட் இருக்கே."

"கேட்டுக்குப் பூட்டு?"

"சும்மா சாத்தியிருக்கும்."

"ஆர்.சி. புக்கைப் பார்க்கலாமா?"

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "லாக்கர்ல இருக்கு. இப்ப அது அவசரமா?"

"இல்லை. வீட்டுல வேற யார்?"

"மனைவி மட்டும்தான். நான் கிளம்பின வாரமே அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. ஒரு விஷயம், வண்டி போனது அவளுக்குத் தெரியக் கூடாது. பிரஷர் இருக்கு."

யாருக்குப் பிரஷர் என்று அவர் சொல்லவில்லை. கொசுறு கேட்டிருப்பான். வாய் நிறைய மாவு.

கிளினிக்காக மாற்றிய வீட்டின் முன்னறையிலிருந்து வெளியே வந்ததும் அவன் முதலில் துப்பினான், பிறகு பேசினான். "சார், கேஸ் தொடங்கறப்ப எனக்குப் பல்லுல வலியே இல்லை. இப்பத்தான் வலிக்குது."

சர்வேயர் கேட் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பின் மேல் புதிதாக ஒரு கயிறு உரசிய தடம், வண்டியின் பம்பர் உயரத்தில்.

"மெக்கானிக் எடுத்திருந்தா எப்படி எடுத்திருப்பார்?" என்று கேட்டார்.

கொசுறு யோசித்தான். "வேற ஒரு டிஸ்ட்ரிபியூட்டரைக் கையோட கொண்டு வந்து மாட்டி, ஸ்டார்ட் பண்ணிட்டு ஜம்முனு போயிருப்பார்."

"இதைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிருக்காங்க. பானெட்டைத் திறக்கற வரைக்கும் அவங்களுக்கு விஷயம் தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரியும். அதனால இது அவர் இல்லை."

"அப்ப நேரா ஸ்டேஷன் போய்ச் சொல்லிடலாமே."

"சொன்னா, வேணும்னே கயிறு கட்டினார்னு சொல்வாங்க. வண்டி வேணும்." சர்வேயர் நடக்கத் தொடங்கினார். "இப்ப அந்த வண்டியில ஒரு துளை இருக்கு. அந்தத் துளைக்கு யாரு சாமான் தேடினாங்கன்னு கேட்போம்."

பழைய சாமான் கடைகள் இருந்த சந்தில், அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு உள்ளுறுப்பு விற்பவர் ஒருவர்தான். கடை பன்னிரண்டு அடி அகலம். அதில் பத்தடியை டைனமோக்களும் கார்புரேட்டர்களும் பிடித்துக்கொண்டு, மீதியைக் கடைக்காரருக்கு விட்டிருந்தன. அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"இன்ஸ்பெக்டர் ஜீப்புக்கு சைலன்சர் கேட்டானா? இல்லைன்னு சொல்லு. இருந்தாலும் இல்லைன்னு சொல்லு." போனை வைத்தார். "வாய்யா சர்வேயர். இன்னும் உசுரோடதான் இருக்கியா? இது யாரு?"

"உதவியாளர்."

"பார்த்தா தெரியலை."

கொசுறு பதில் சொல்ல வாய் திறந்தான். சர்வேயர் முந்திக்கொண்டு வண்டியின் பெயரைச் சொன்னார். "இதுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் கேட்டு மூணு வாரத்துக்குள்ள யாராவது?"

"அந்தப் பல்லுக்காரன் வண்டியா? அவன் வரலை. ஒரு நாலஞ்சு பேர் வந்தானுங்க. எவன் எவனோ வருவான், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குமா?"

"அதுல பழசைக் கொண்டுவராத ஆள் யாராவது?"

கடைக்காரர் முதல் தடவையாக சர்வேயரை நிமிர்ந்து பார்த்தார்.

கொசுறுவுக்கும் அப்போதுதான் புரிந்தது. கடைக்குள் அந்த நேரத்தில் நின்ற இரண்டு பேர் கையிலும் பழைய சாமான் இருந்தது. ஒருவர் கார்புரேட்டரை செய்தித்தாளில் பொதிந்திருந்தார். இன்னொருவர் ஒரு தேய்ந்த பல்சக்கரத்தைக் கைக்குட்டையில் வைத்திருந்தார். இங்கே யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. பழசைக் காட்டி, 'இதே மாதிரி' என்பார்கள். பழசு இல்லாமல் வருகிறவரிடம் துளை மட்டும்தான் இருக்கிறது.

"ஒருத்தங்க வந்தாங்க" என்றார் கடைக்காரர் மெதுவாக. "பழசு இல்லைன்னாங்க. அதுக்குப் பதிலா இதைக் கொண்டு வந்தாங்க."

தலைக்கு மேலிருந்த பலகையிலிருந்து ஒரு சாமானை எடுத்து வைத்தார். ரோஸ் நிறம். கட்டை விரலைவிடக் கொஞ்சம் தடிமனான உருளை. அடிமுனையில் கோடு போட்டது போல ஒரு மேடு. நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"இன்ஜின்ல அந்தத் துளைக்குள்ள எதையோ ஊத்தி அச்சு எடுத்துட்டாங்க. இப்ப காய்ஞ்சு கொஞ்சம் சுருங்கிடுச்சு. அன்னைக்குக் கச்சிதமா இருந்தது. தண்டு எவ்வளவு நீளம், அடியில பொருந்தற பள்ளம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கு, எல்லாம் இதுலயே இருக்கு. நாப்பது வருஷம் கடை வெச்சிருக்கேன். எவனுக்கும் இது தோணினதில்லை."

கொசுறு அதை எடுத்து முகர்ந்தான். பிறகு சர்வேயரிடம் நீட்டினான். "சார், இது என் வாய்ல இருந்தது. இதேதான் இல்லை. இதோட அண்ணன் தம்பி."

லேசாக, மிக லேசாக, புதினா.

சர்வேயர் தலையசைத்தார். "என்ன கேட்டாங்க?"

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்ல ஆள் கிடைக்காமல் இருந்தவர் போலிருந்தது.

"எந்தப் பக்கம் சுத்தும்னு கேட்டேன். வழக்கமா இதைக் கேட்டா எவனும் முழிப்பான். இவங்க, 'ஹேண்டில் போட்டுச் சுத்திப் பார்த்தேன், மேலேர்ந்து பார்த்தா கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம்'னாங்க. சரின்னு முதல்ல எலக்ட்ரானிக்கை எடுத்து வெச்சேன். பொறி வர வைக்கற பாயின்ட் கிடையாது, தேயாது, திறந்தே பார்க்க வேண்டாம்னேன். 'கெட்டுப் போனா?'ன்னாங்க. புதுசு வாங்கணும்னேன். 'நடு ரோட்டுலயா?'ன்னாங்க. அதை ஓரமா தள்ளிட்டாங்க."

"அடுத்தது?"

"ரேஸ் வண்டிக்காரன் போடறது ஒண்ணு இருந்தது. பக்கத்துல அந்த வேக்குவம் டப்பா இருக்காது. எப்பவும் மிதிச்சுக்கிட்டே போறவனுக்குத்தான் அது சரி. 'நான் மெதுவாத்தான் போவேன், ஆனா மலை ஏறணும்'னாங்க. அதுவும் போச்சு. கடைசில பழைய பாணி பாயின்ட் போட்டது ரெண்டு. பார்க்க ஒண்ணு பளபளன்னு இருக்கும், இன்னொண்ணு அழுக்கு. பளபளன்னு இருக்கறதைத்தான் எவனும் எடுப்பான். இவங்க ரெண்டு விரலால தண்டைப் பிடிச்சு, பக்கவாட்டுல மெல்ல ஆட்டிப் பார்த்தாங்க. ஆடற பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களே, அப்படி. 'இது ஆடுது'ன்னு பளபளப்பைத் தள்ளிட்டு அழுக்கை எடுத்துக்கிட்டாங்க." கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "ஏழு வருஷமா அந்தப் பளபளப்பை ஒருத்தன் தலையில கட்டலாம்னு வெச்சிருந்தேன்."

"பாயின்ட் மாத்தத் தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியாதுன்னாங்க. ஒரு மணி நேரம் உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தேன். பாயின்ட் இடைவெளி வைக்கறது, பல்பு கட்டி டைமிங் பார்க்கறது, எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. போறப்ப ஒரு கன்டென்சரும் ரோட்டாரும் உபரியா வாங்கிக்கிட்டாங்க. கெட்டா வழியில தானே மாட்டிக்கறதுக்கு."

சர்வேயர் நன்றி சொன்னார். கடைக்காரர் அவனவனுக்கு வேலை இருக்கிறது என்றார்.

சந்து முனையில் கொசுறு கணக்கை முடித்துவிட்டான். "கிளினிக் ஆள்தான் சார். மாவு அங்கேர்ந்துதான் வந்திருக்கு. எவனோ கூட இருந்தே குழி பறிச்சிருக்கான்."

"'கான்' இல்லை."

"எது?"

"பறிச்சிருக்கான் இல்லை. கடைக்காரர் பேச்சைக் கவனிச்சியா? இன்ஸ்பெக்டர் கேட்டான். டாக்டர்கூட 'அவன் வரலை'. வாடிக்கைக்காரங்க எல்லாம் வந்தானுங்க. என்னை வாய்யான்னார்."

"என்னைப் பார்த்தா தெரியலைன்னார்."

"இந்த ஒருத்தருக்கு மட்டும் வந்தாங்க, கேட்டாங்க, எடுத்துக்கிட்டாங்க. அந்த மனுஷன் எந்த ஆம்பளைக்கும் ஒரு 'ங்க' செலவு பண்ண மாட்டார்."

கொசுறு நின்றுவிட்டான். "பொம்பளை. நர்ஸா?"

"கிளினிக்ல நர்ஸைப் பார்த்தியா? டாக்டரே மாவு கரைச்சார். முப்பது வருஷம் பல்லு பார்க்கறவர் கரைச்ச லட்சணத்தை உன் வாயைக் கேளு."

"கட்டி கட்டியா இருந்தது."

"தினமும் அந்த வேலையை வேற யாரோ செய்யறாங்க. அவங்க மூணு வாரமா வீட்டுல இல்லை." சர்வேயர் செல்போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். "டாக்டர், உங்க மனைவியோட அக்கா வீடு எங்கே?"

"பழைய ஐஸ் ஃபேக்டரி பக்கத்துல. எதுக்கு? அவகிட்ட சொல்லக் கூடாதுன்னேனே."

"அவங்களுக்குத் தெரியாத எதையும் சொல்ல மாட்டேன்" என்றார் சர்வேயர்.

ஐஸ் ஃபேக்டரி மூடிப் பல வருஷமாகியிருந்தது. கூரை பாதி இல்லை. முன்னால் லாரிகள் நின்ற பெரிய சிமென்ட் களம் மட்டும் வெயிலில் வெறுமனே கிடந்தது. அதில் ஒரு கருநீல நிறப் பழைய கார் வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. களத்தின் நடுவே, கழுத்தில் விசிலோடு ஒரு முதிய பெண்மணி நின்றார். விசில் ஒலித்தால் கார் நின்றது. இரண்டு விசிலுக்குப் பின்னால் போனது.

"அக்கா" என்றான் கொசுறு. "பி.டி. டீச்சரா இருந்திருக்கணும்."

கார் அவர்கள் முன்னால் வந்து நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். நகக்கண்ணில் கருப்பாக எண்ணெய். இன்ஜினை நிறுத்தாமலே, "அவர் அனுப்பினாரா?" என்று கேட்டார்.

"வண்டியைத் தேட அனுப்பினார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னார்" என்றார் சர்வேயர்.

"சொல்ல மாட்டார். வண்டி என் பேர்ல இருக்கு. எங்க அப்பா எனக்கு எழுதி வெச்சது."

கொசுறு மெதுவாக சர்வேயர் பக்கம் திரும்பினான். சர்வேயர் முகத்தில் மாற்றமில்லை. லாக்கரில் இருந்த ஆர்.சி. புக்கை அவர் காலையிலேயே திறக்காமல் படித்துவிட்டார் போலிருந்தது.

"முப்பத்தோரு வருஷமா அதை நான் தொட்டதில்லை" என்றார் அந்த அம்மாள். "தொட விட்டதில்லை. எங்க தங்கச்சி மலை மேல ஹாஸ்டல்ல வார்டன். மூணு வருஷம் முன்னாடி இடுப்பு ஆபரேஷன். கீழ இறங்கி வர முடியலை. போகலாம்னு கேட்டா, அடுத்த மாசம்பார். இன்ஜின் சூடாயிடும்பார். அவர் ஊருக்குப் போன அன்னைக்கே, அப்பா கொடுத்த ரெண்டாவது சாவியைப் போட்டேன். கிளம்பலை. பானெட்டைத் திறந்தா துளை."

"திருடனுக்குப் பயந்து கழட்டினதா சொன்னார்."

"திருடனுக்குப் பயந்தவர் கேட்டைப் பூட்டியிருப்பார். அவர் பயந்தது வீட்டுக்குள்ள இருக்கற ஆளுக்கு." இதை அவர் கோபமில்லாமல் சொன்னார். அதுதான் கேட்க என்னவோ போலிருந்தது.

"யாரும் பார்க்கலையாம்மா?" என்றான் கொசுறு. "போலீஸ் தெரு முழுக்க விசாரிச்சிருக்காங்க."

"பார்க்காம என்ன? காலைல பதினோரு மணிக்கு அக்காவோட பால் வேன்ல கட்டி இழுத்துட்டு வந்தோம். எதிர் வீட்டுக்காரர்தான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். போலீஸ் என்ன கேட்டாங்க?"

"திருடனைப் பார்த்தீங்களான்னு."

"அவர் பார்க்கலையே."

சர்வேயர் அப்போதுதான் அதைச் சொன்னார். "அம்மா, உங்க மெக்கானிக் காலைலேர்ந்து ஸ்டேஷன்ல இருக்கார். டாக்டர் அவர் பேரைச் சொல்லியிருக்கார். அஞ்சு மணிக்குக் கேஸ்."

அந்த அம்மாள் கையிலிருந்த ஸ்டியரிங் ஒரு அங்குலம் திரும்பியது.

"அவரைக் கேட்டிருந்தா ஒரே நாள்ல மாட்டிக் கொடுத்திருப்பார்" என்றார் மெதுவாக. "டாக்டர்கிட்ட மறைக்கற சங்கடம் அவருக்கு ஏன்னுதான் கேட்கலை." பிறகு, "மணி என்ன?"

"நாலு பத்து."

"ஏறுங்க. அக்கா, நீயும் வா."

களத்தைத் தாண்டி அந்த அம்மாள் ஓட்டியதில்லை என்பது கேட்டைத் தாண்டியபின்தான் தெரிந்தது. முதல் வளைவில் பெட்டிக்கடையின் சோடா பாட்டில்கள் கொசுறுவின் முழங்கைக்கு மிக அருகில் வந்து போயின. அக்கா முன் சீட்டில் விசிலை வாயிலேயே வைத்திருந்தார். ஊதவில்லை.

"சார்" என்றான் கொசுறு தாழ்ந்த குரலில், "பல்லு வலி போயிடுச்சு."

ஸ்டேஷன் வாசலில் டாக்டர் நின்றிருந்தார். கார் நுழைவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஓட்டிவருவது யார் என்று பார்த்ததும் மலர்ந்தது அப்படியே பாதியில் நின்றது.

"உனக்கு ஓட்டத் தெரியாதே" என்றார்.

"இப்பவும் நல்லாத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் அவரைக் கடந்து உள்ளே போனார்.

இன்ஸ்பெக்டர் அந்த அம்மாள் நீட்டிய பழகுநர் லைசென்ஸைப் பார்த்தார், அதில் இருந்த படத்தைப் பார்த்தார், வண்டி யார் பேரில் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு டாக்டரைப் பார்த்து, "உங்க வண்டி காணோம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. உங்களுக்கு வண்டியே இல்லையே" என்றார். டாக்டர் புகாரை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு முறை எழுதவில்லை.

மெக்கானிக் பெஞ்சிலிருந்து எழுந்தார். மெலிந்த மனிதர். காலையிலிருந்து யாரும் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

"என்னாலதான்" என்றார் அந்த அம்மாள். "மன்னிச்சிடுங்க. சொல்லாம செஞ்சது தப்பு."

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி, "நீங்க என் பேரைச் சொல்லலையேம்மா" என்றார்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "கோபத்துல சொல்லிட்டேன். நாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்க, பேசிக்கலாம்."

மெக்கானிக் அவரை நிமிர்ந்து பார்த்தார். பதினாலு வருஷமும் அந்தப் பார்வையில் இருந்தது. "இல்லை டாக்டர். வண்டி விஷயமா அம்மா கூப்பிட்டா வர்றேன். உங்க விஷயமா வர மாட்டேன்." குரல் உயரவே இல்லை. சொல்லிவிட்டு வெளியே போய்க் காரின் பக்கத்தில் நின்றார்.

"வீட்டுல இறக்கி விடறேன்" என்றார் அந்த அம்மாள். "அப்படியே நாங்க கிளம்பறோம். இருட்டறதுக்குள்ள அடிவாரம் வரைக்கும் போய்த் தங்கிட்டா, விடிஞ்சதும் ஏறிடலாம்."

"எங்கே?" என்றார் டாக்டர். அவருக்குத் தெரிந்த இடம்தான்.

அக்காவும் மெக்கானிக்கும் ஏறிக்கொள்ள, அந்த அம்மாள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். கிளட்சைச் சட்டென்று விட்டார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. வாசலில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் தள்ளுவதற்காக முன்னால் வந்தார்கள். மெக்கானிக் பின் சீட்டிலிருந்து கை நீட்டி அவர்களை நிறுத்தினார். மறுபடி சாவி, மறுபடி அணைந்தது. டாக்டர் ஒரு அடி எடுத்து வைத்தார். மூன்றாவது முறை இன்ஜின் சீராகப் பிடித்துக்கொண்டது. அக்கா ஒரு விசில் ஊதினார். கார் கேட்டைத் தாண்டி, இடது பக்கம் விளக்குப் போட்டு, வலது பக்கம் திரும்பிப் போனது.

சத்தம் தேய்ந்து போகும்வரை டாக்டர் அங்கேயே நின்றார். பிறகு சர்வேயரிடம் வந்தார். காலையில் இருந்ததைவிட உயரம் குறைந்தவராகத் தெரிந்தார்.

"எப்பத் திரும்பி வருவா?"

"அதுக்குத் துப்பறியறவன் வேண்டாம், டாக்டர்" என்றார் சர்வேயர். "போன் பண்ணிக் கேளுங்க."